பாரதி பேர்ல ஆரம்பிச்ச வாட்ஸ்அப் குரூப் குட்மார்னிங் குரூப்பா ஆகாம இருக்க என்ன செய்யணும்

டிசம்பர் 11 காலையில போனைத் திறந்தா முண்டாசும் மீசையுமா நாப்பது அம்பது படம் வந்து கிடக்கும், கீழ ரெண்டு ரோஜாப்பூ, "மகாகவிக்கு பிறந்தநாள் வாழ்த்துகள்", அவ்வளவுதான், மறுநாள் 12-ம் தேதி ரஜினி படம் வந்துரும், பாரதி மேல போயிருவார். அப்புறம் செப்டம்பர்ல ஒருநாள் திரும்ப வருவார். நானும் அப்படி ஒரு குரூப்புக்கு அட்மினா இருந்தவன்தான். பாளையங்கோட்டையில உக்காந்துக்கிட்டு தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாரையும் சேத்தேன், இருநூறு பேர் தாண்டிட்டு, ஆறு மாசத்துல பாரதியைத் தவிர எல்லாம் ஓடுது அதுல, நில விற்பனை, ரத்தம் தேவை, சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூ கஷாயம். ஒருநாள் ராத்திரி நானே வெளிய வந்துட்டேன், யாரும் ஏன்னு கேக்கல.

ரெண்டாவது தடவ ஆரம்பிச்சது வேற மாதிரி, அது இன்னும் ஓடுது. ஒரு கவிஞர் மேல பிரியம் இருக்கு, நாலு பேரைச் சேத்து அவரைப் படிச்சுக்கிட்டே இருக்கணும்னு நினைக்கறவங்களுக்காக அதுல கத்துக்கிட்டதை எழுதுறேன். பாரதியை வச்சு சொல்றேன், ஏன்னா நாங்க திருநெல்வேலிச் சீமைக்காரங்க. பொறந்த எட்டயபுரம் இப்ப தூத்துக்குடி மாவட்டம், பொண்ணு எடுத்த கடையம் இப்ப தென்காசி மாவட்டம், படிச்ச இந்துக் கல்லூரிப் பள்ளிக்கூடம் மட்டும் திருநெல்வேலியிலயே இருக்கு. கலெக்டர் ஆபீஸ் கணக்குக்கு மூணு ஊரு, எங்க கணக்குக்கு ஒண்ணுதான்.

முதல்ல ஆளு. இருநூறு பேர் வேண்டாம், இருபது போதும். நாங்க இருபத்திமூணு பேரோட ஆரம்பிச்சோம், அதுல ஒரு எலக்ட்ரீஷியன், ரெண்டு டீச்சர், துபாய்ல வேலை பாக்கற ஒரு தம்பி, தென்காசிப் பக்கம் ஒரு ஆச்சி, அப்புறம் பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி. எல்லாரும் தமிழ் எம்.ஏ.வா இருக்கணும்னு ஒண்ணுமில்ல, சொல்லப்போனா எம்.ஏ. காரங்க ரெண்டு பேருக்கு மேல சேந்தா அவங்களுக்குள்ள சண்டை போட்டு மத்தவங்க வாயைக் கட்டிப்போட்டுருவாங்க, இது என் அனுபவம்.

அடுத்தது ஒரே ஒரு சட்டம். படம் போடக்கூடாது. முண்டாசு படம், சிலை படம், மாலை போடுற படம் ஒண்ணுமே கிடையாது. பாரதியோட நிஜ போட்டோவே விரல்விட்டு எண்ணிரலாம், மீதி எல்லாம் வரைஞ்சது, இப்ப கம்ப்யூட்டர் தானா வரைஞ்சு தர்ற படம் வேற வருது, அதுல அவருக்கு ஜிம்முக்குப் போன மாதிரி தோள். படத்துக்குப் பதிலா குரல். வாரம் ஒரு பாட்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அவங்கவங்க குரல்ல வாசிச்சு வாய்ஸ் நோட்டா போடணும், பாடத் தெரிஞ்சா பாடலாம், தெரியாட்டி சும்மா வாசிக்கலாம். ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். பின்னணி இசை வேண்டாம். ஆப் வச்சு வாசிக்க விடுறது அறவே வேண்டாம்.

ஏன் குரல்னா, படத்தை ஃபார்வேர்டு பண்ண ஒரு செகண்ட் போதும், வாசிக்கணும்னா அந்தப் பாட்டை ஒரு தடவையாவது முழுசா படிச்சாகணும், எங்க மூச்சு விடணும்னு பாக்கணும், சந்தி பிரிச்சா மட்டும்தான் நாக்குல நிக்கும்னு தெரியும். "யழித்திடுவோம்"னு அச்சுல பாத்து முழிக்கிறவங்க வாயால சொல்லிப் பாத்தா "அழித்திடுவோம்"னு தானா வந்துரும்.

எந்தப் பாட்டுல ஆரம்பிக்கறதுங்கறது முக்கியம். எடுத்த எடுப்புல குயில் பாட்டு வேண்டாம், பாதி பேர் ஓடிருவாங்க. நாங்க புதிய கோணங்கியில ஆரம்பிச்சோம், "குடுகுடு குடுகுடு குடுகுடு குடுகுடு, நல்ல காலம் வருகுது"ன்னு வருமே அது. நம்ம பக்கத்துல வயசானவங்க எல்லாருக்கும் குடுகுடுப்பைக்காரனைத் தெரியும், விடியக்காலம் இருட்டுக்குள்ள தெருவுல வந்து சத்தம் குடுத்துட்டுப் போவான், பிள்ளைங்க போர்வைக்குள்ள முகத்தை மூடிக்கிடும். முதல் வாரம் ஒருத்தரும் போடல. சனிக்கிழமை, ஞாயிறு மத்தியானம் வரைக்கும் குரூப்பு செத்துக் கிடக்கு. நாலு மணி போல அந்தத் தென்காசி ஆச்சி ஒரு வாய்ஸ் நோட்டு போட்டாங்க, ஒரு நிமிஷம் பத்து செகண்டு. குக்கர் விசில் கேக்குது, யாரோ "ஆச்சி பால் பொங்குது"ன்னு கத்துறாங்க, ஆச்சி எதையும் சட்டை பண்ணாம அச்சு அசல் குடுகுடுப்பைக்காரன் இழுக்கற இழுப்பு, "வருகுதூ"ன்னு கடைசில ஒரு தூக்கு. அவ்வளவுதான், ராத்திரிக்குள்ள பதினொரு பேர் போட்டுட்டாங்க. எலக்ட்ரீஷியன் தம்பி ஏணி மேல நின்னுக்கிட்டே போட்டான்.

ரெண்டாவது மாசம் நொண்டிச் சிந்து எடுத்தோம், நொண்டி நடக்கற மாதிரி தாளம் விழுற பாட்டு வகை, "நெஞ்சு பொறுக்குதிலையே". பாரதி நம்ம ஊர்ல தெருவுல கேட்ட மெட்டையெல்லாம் எடுத்துதான் எழுதியிருக்கார்னு படிச்சுத் தெரிஞ்சுக்கறது ஒண்ணு, பதினைஞ்சு பேர் பதினைஞ்சு விதமா நொண்டியடிச்சு வாசிக்கறதைக் கேக்கறது வேற ஒண்ணு. சிந்து வகையை எல்லாம் முன்னாடி வச்சுக்கிடுங்க, கண்ணன் பாட்டு அப்புறம், பாஞ்சாலி சபதத்தை ஆறு மாசம் கழிச்சு பிரிச்சுப் பிரிச்சு எடுங்க.

இப்ப பாடம் சரிபார்க்கற விஷயம், இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிடுறேன், ஏன்னா குரூப்புகள் உடையறது இங்கதான். நெட்ல சுத்துற பாரதி வரிகள்ல ஏகப்பட்டது அரைகுறை. எல்லா சுவத்துலயும் எழுதியிருக்கே, "எமக்குத் தொழில் கவிதை", அது விநாயகர் நான்மணிமாலையில வர்ற வெண்பா, அங்க இருக்கறது "நமக்குத் தொழில்கவிதை நாட்டிற் குழைத்தல்". ஒரு எழுத்துதானே போகட்டும்னு விடாதீங்க. "எமக்கு"ன்னா மீசையை முறுக்கிக்கிட்டு சொல்ற மாதிரி இருக்கு. முழு வெண்பாவையும் படிச்சா கடைசி அடி "சிந்தையே இம்மூன்றும் செய்"னு முடியுது, அந்த மனுஷன் தன் மனசுகிட்டதான் பேசிட்டிருக்கார், ஏ மனசே நமக்கு இதுதான் வேலைன்னு. நடுவுல ஒரு வரி, கணநாதன் நம்ம குடும்பத்தைப் பாத்துக்கிடுவான்னு வேற. அரிசி பருப்பு பிள்ளையார் பொறுப்பு, கவிதை நம்ம பொறுப்பு. அந்தப் பக்கத்து நியாயத்தை எல்லாம் சுவத்து எழுத்து தின்னுட்டு.

இன்னொண்ணு "மெல்லத் தமிழினிச் சாகும்". பாரதியே சொல்லிட்டார்னு மேடையில அழுவாங்க. அடுத்த பாட்டைப் பாருங்க, "என்றந்தப் பேதை உரைத்தான், ஆ! இந்த வசையெனக் கெய்திட லாமோ"ன்னு இருக்கு. தமிழ்த்தாய் பேசறதா எழுதின பாட்டு அது, எவனோ ஒரு முட்டாள் அப்படிச் சொல்லிட்டானேன்னு தாய் ஆத்திரப்படுறா, அதுக்கப்புறம்தான் எட்டுத் திக்கும் போயி கலைச் செல்வம் கொண்டாங்கன்னு பிள்ளைங்களை விரட்டுறா. ஒரு வரியை மட்டும் வெட்டினா முட்டாள் பேச்சு பாரதி பேச்சாயிருது. அதனால எங்க குரூப்புல ஒத்தை வரி போடக்கூடாது, போட்டா முன்னாடி நாலு வரி பின்னாடி நாலு வரி சேத்துப் போடணும்.

சரிபார்க்கறது எப்படின்னா, ரெண்டு இடத்துல பாக்கணும், ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு. மதுரைத் திட்டம்னு ஒண்ணு 1998-ல இருந்து இருக்கு, சும்மா ஆர்வத்துல தட்டச்சு பண்ணிப் போட்டவங்க, புண்ணியவான்கள், பாரதி கவிதை அங்க கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகம் தளத்துல இருக்கு, யார் வேணா திருத்தலாம்ங்கற இணைய நூலகம் விக்கிமூலத்துல இருக்கு. இதுலயே தட்டச்சுப் பிழை இருக்கலாம், அதனால யாராவது ஒருத்தர் வீட்டுல நல்ல அச்சுப் புத்தகம் ஒண்ணு இருக்கணும், சந்தேகம் வந்தா அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டுட்டா பேச்சு முடிஞ்சுது. படம் போடக்கூடாதுங்கற சட்டத்துல இதுக்கு மட்டும் விலக்கு. பழைய எழுத்துருல டைப் பண்ணின ஃபைல் யாராவது அனுப்பினா கட்டம் கட்டமா தெரியும், யூனிகோடுக்கு மாத்தற பக்கம் நெட்ல நிறைய இருக்கு, மாத்தினதும் ஒரு தடவ படிச்சுப் பாத்துருங்க, றகரமும் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும்.

சரி, தப்பைக் கண்டுபிடிச்சாச்சு, சொல்றது எப்படி? இதுலதான் நான் பெரிய தப்பு பண்ணினேன். பேங்க் அண்ணாச்சி ஒருநாள் "சங்கே முழங்கு" பாட்டை பாரதி பாட்டுன்னு போட்டு அழகா வாசிச்சிருந்தாங்க. நான் உடனே குரூப்புல எல்லாருக்கும் முன்னாடி "இது பாரதிதாசன், பாரதி இல்லை, ஸ்கூல் பிள்ளைக்குக் கூடத் தெரியும்"னு போட்டேன். அந்தக் கடைசி வாக்கியம் தேவையா எனக்கு? அண்ணாச்சி பத்து நிமிஷத்துல வெளிய போயிட்டாங்க. எழுபது வயசு மனுஷன், கண்ணு சரியாத் தெரியாம பெரிய எழுத்தாக்கி வச்சு வாசிச்சிருக்காங்க. நான் வீட்டுக்கே போயி நின்னேன். "என்னடே, ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியறது எனக்குத் தெரியலன்னு சொல்ல வந்தியாக்கும்"னாங்க. காப்பி குடுத்தாங்க, ஆனா குரூப்புக்கு வர ஒரு மாசம் ஆச்சு. இப்ப வழக்கம் என்னன்னா, திருத்தம் எதுவா இருந்தாலும் தனியா அவங்களுக்கு அனுப்பணும், "அண்ணாச்சி, இது தாசன் பாட்டு மாதிரி இருக்கு, ஒரு தடவ பாத்துருங்களேன்"னு. அவங்களே குரூப்புல மாத்திப் போடுவாங்க. இப்ப எங்க குரூப்புல அதிகமா தப்பு கண்டுபிடிக்கறதே அண்ணாச்சிதான், எனக்குத்தான் தனியா மெசேஜ் வருது.

தேதிச் சண்டை ஒண்ணு வருஷா வருஷம் வரும், தயாரா இருங்க. பாரதி செத்தது செப்டம்பர் 11 ராத்திரி, நடுச்சாமம் தாண்டி, ஒண்ணரை மணிவாக்குல, அதனால இங்கிலீஷ் தேதிப்படி 1921 செப்டம்பர் 12. அரசு அனுசரிக்கறது 11, 2021-ல நூற்றாண்டு அப்போ அந்தத் தேதியைத்தான் மகாகவி நாள்னு அறிவிச்சாங்க. எங்க குரூப்புல ரெண்டு கட்சியும் இருக்கு. நாங்க கண்டுபிடிச்ச வழி இது, 11-ம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு குரூப் கால் ஆரம்பிப்போம், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசிப்போம், ஒண்ணரை மணிக்கு நிப்பாட்டிருவோம். ரெண்டு தேதிக்காரங்களுக்கும் சந்தோஷம். தூங்கறவங்க தூங்கட்டும், கடைசில ஏழெட்டு பேர்தான் இருப்பாங்க, அந்த ஏழெட்டு பேர் வாசிக்கறதுதான் ரொம்ப நல்லா இருக்கும், சத்தம் தணிஞ்சு, பக்கத்து ரூம்ல பிள்ளை தூங்குதுன்னு மெதுவா வாசிப்பாங்க.

அன்னைக்கு யாராவது ஒருத்தர் யானை அடிச்சு செத்தார்னு போடுவார். போடத்தான் செய்வார். திருவல்லிக்கேணி கோயில் யானை தள்ளிவிட்டது நிஜம், ஆனா அதுல பிழைச்சு எழுந்து, அதுக்கப்புறம் ஈரோட்டுக்குப் போயி கருங்கல்பாளையத்துல பேசியிருக்கார், தலைப்பு "மனிதனுக்கு மரணமில்லை". வயித்துக் கோளாறு வந்து படுத்தது பிறகுதான். இதையும் தனியாதான் சொல்லணும், மேல சொன்ன மாதிரி.

வருஷத்துல ஒரு தடவையாவது போனைப் பைக்குள்ள போட்டுட்டு நேர்ல போங்க. எங்களுக்கு சுலபம், திருநெல்வேலி ஜங்ஷன்ல செங்கோட்டை பாசஞ்சர் ஏறினா கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சின்னு போயி கீழக்கடையத்துல இறங்கிரலாம். கடையம் பாரதி சம்சாரம் செல்லம்மா ஊரு. புதுச்சேரியில இருந்து திரும்பினப்போ கடலூர்ல பிடிச்சு உள்ள வச்சு விட்டாங்களே, அதுக்கப்புறம் 1918 கடைசியில இருந்து ரெண்டு வருஷம் போல இங்கதான் இருந்தார். எட்டயபுரம் ராஜாவுக்கு சீட்டுக்கவி எழுதினது இங்க இருந்துதான், 1919-ல, கையில காசு இல்லாத நேரம். அந்தச் சீட்டுக்கவியை அந்த ஊர் மண்ணுல நின்னு வாசிச்சுப் பாருங்க, உதவி கேக்கற கடுதாசி மாதிரியா இருக்கு? ராஜா இவர்கிட்ட கேட்டுக்கிடணும் போல இருக்கும்.

நித்திய கல்யாணி அம்மன் கோயில் பக்கம் போனா இந்தப் பாறையிலதான் உக்காந்து எழுதினார், அந்தப் பாட்டு இங்கதான் பொறந்துதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணுங்க, ஆசையா சொல்றாங்க, ஆனா குரூப்புல போடும்போது "ஊர்ல சொல்றாங்க"ன்னு போடுங்க. அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டீங்கன்னா அடுத்த வருஷம் அது வரலாறாயி உங்களுக்கே ஃபார்வேர்டா திரும்பி வரும். எட்டயபுரத்துக்கும் அப்படித்தான் போனோம், பொறந்த வீட்டைப் பாத்துட்டு, கல்கி முயற்சி எடுத்து ஊர் பூரா காசு திரட்டி 1947-ல திறந்த மணிமண்டபத்துல உக்காந்து வாசிச்சோம். துபாய் தம்பிக்கு வீடியோ போட்டோம், அவன் மண்டபத்தைப் பாக்கல, "அண்ணே கேமராவை தெருப் பக்கம் திருப்புங்க, அந்த டீக்கடையைக் காட்டுங்க"ங்கறான்.

சேத்து வைக்கறது. இதை நான் சொல்லணும், ஏன்னா எட்டு மாச வாய்ஸ் நோட்டு இருந்த போனை குறுக்குத்துறையில குளிக்கப் போன இடத்துல ஆத்துக்குள்ள விட்டவன் நான். தாமிரபரணி அம்மா வாங்கிக்கிட்டா. பேக்கப்பும் போடல, எளவு. மத்தவங்க போன்ல இருந்து பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம், அதுலயும் முக்காவாசி பேர் இடம் இல்லன்னு அழிச்சிருந்தாங்க, ஆச்சியோட குடுகுடுப்பை அவங்க பேத்தி போன்ல இருந்துதான் கிடைச்சுது. அதனால மறையும் மெசேஜ் வசதியை முதல்லயே அணைச்சுருங்க. வாரம் ஒருத்தர் முறை வச்சு அந்த வாரத்து குரல் எல்லாத்தையும் இறக்கி கூகுள் டிரைவ்ல போடணும், ஃபைல் பேர்ல தேதி, பாட்டு, ஊரு மூணும் இருக்கணும். ஆள் பேர் போடலாமான்னு அவங்களைக் கேட்டுட்டுப் போடுங்க, சில பேருக்கு வீட்டுல தெரியக்கூடாதுன்னு இருக்கும். வருஷக் கடைசியில நல்லதா ஒரு அம்பது எடுத்து, சம்மதம் வாங்கி இன்டர்நெட் ஆர்கைவ்ங்கற இலவச இணையக் காப்பகத்துல ஏத்திருங்க. குரூப்பு செத்தாலும் அது கிடக்கும். எழுத்துல ஆர்வம் இருக்கறவங்களை விக்கிமூலத்துல மெய்ப்பு, அதாவது எழுத்துப்பிழை, பாக்க விடுங்க, ஒரு பக்கம் பாக்க பத்து நிமிஷம்.

உரிமை விஷயம் சுருக்கமா. பாரதியை எங்க வேணா போடலாம், அவர் எழுத்தோட உரிமையை 1949-ல அரசு வாங்கி பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கிட்டுது. மத்தவங்களுக்கு, கவிஞர் செத்து 60 வருஷம் ஆகணும், இல்லன்னா அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கணும். உயிரோட இருக்கற கவிஞர்னா முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் போடுறது அவர் சோத்துல மண் போடுறது. நாலு வரி போட்டு புத்தகம் எங்க கிடைக்கும்னு எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. பாரதிக்கு நாம இல்லாட்டியும் ஆள் இருக்கு. நம்ம சீமையில அப்படி ஆள் இல்லாத கவிஞர்கள் இருக்காங்க, ஒரு வருஷம் பாரதி ஓடினதும் அவங்க பக்கம் திரும்புங்க. நாங்க சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை எடுத்தோம். சங்கரன்கோவில் பக்கத்து ஊரு, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரிச்சவர், முப்பது வயசு நிறையாமலே போயிட்டார். கழுகுமலை முருகன் மேல அவர் பாடின காவடிச் சிந்தை சினிமா மெட்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்கறவங்க நிறைய. அவரு விவரமான ஆளு, பாட்டுக்குள்ளயே "சென்னிகுள நகர்வாசன், தமிழ் தேறும் அண்ணாமலை தாசன்"னு ஊரையும் பேரையும் வச்சுத் தச்சுட்டார், பாடுறவன் எவனா இருந்தாலும் பேரைச் சொல்லித்தான் ஆகணும்.

இதுக்கு புத்தகத்தை விட ஆளுதான் முக்கியம், மெட்டு ஆள்கிட்டதான் இருக்கு. போன பங்குனி உத்திரத்துக்கு கழுகுமலை போனோம், காவடி எடுத்து வந்த ஒரு பெரியவர் டீக்கடை பெஞ்சுல உக்காந்து காலை நீவிக்கிட்டிருந்தார். கேட்டதும் பாட ஆரம்பிச்சுட்டார், டம்ளரை பெஞ்சுல தட்டித் தாளம், கடைக்காரர் அடுப்பைக் குறைச்சுட்டார். முழுசா பாடி முடிச்சுட்டு, "இது எந்த டிவில வரும்யா?"ன்னு கேட்டார். டிவில இல்ல தாத்தா, வாட்ஸ்அப்புல எங்க ஆளுக முப்பது பேர் கேப்போம், பத்திரமா வச்சிருப்போம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"வச்சிருப்பியளா? அப்ப அதை அழிச்சுரு. நடுவுல ஒரு அடி விட்டுட்டேன், திரும்பப் பாடுதேன்."